முழங்கை உயரம்

கேகாலைக்குக் கிட்ட, ரப்பர் மலையின் காலடியில் இருந்த அந்தக் கையுறை பெக்டரியில் ஜொய்சியைவிடக் குட்டையான ஆள் கிடையாது. நாலடி எட்டங்குலம். அவளிடம் கேட்டால் "அஞ்சடிக்குக் கொஞ்சம் கொறையும்" என்பாள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று அளந்து பார்க்க யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. பெக்கிங் செக்‌ஷனில் இருந்த பதினெட்டுப் பெண்களுக்கும் அவள்தான் லீடர். குரல் மட்டும் ஆறடி.

அவர்கள் வேலை இதுதான்: கழுவிக் காய்ந்து வரும் ரப்பர்க் கையுறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, காற்றடித்து ஓட்டை பார்த்து, வலதுக்கு இடது சோடி சேர்த்து, மடித்துப் பையிலிட்டு, பை நிறைந்ததும் பெட்டியிலிட்டு, பெட்டியைத் தூக்கிச் சுவரோரம் அடுக்க வேண்டும். நின்றபடியே எட்டு மணித்தியாலம். மேசைகளோ முன்னொரு காலத்தில் ரப்பர் ஷீட் வெட்டுவதற்காகச் செய்தவை. இருபத்தெட்டு அங்குல உயரம். அந்த மேசைக்கு ஜொய்சியே குனிய வேண்டியிருந்தது என்றால் மற்றவர்கள் பாட்டைச் சொல்லவே வேண்டாம். செக்‌ஷனிலேயே நெட்டையான ரோசம்மா தன் மேசைக்கு முன்னால் நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால், கோவிலில் முழந்தாளிடப் போய்ப் பாதியில் மனம் மாறிவிட்டவள் மாதிரி இருக்கும்.

எல்லோருக்கும் வலிதான். யாருக்கு எங்கே என்பதில்தான் வித்தியாசம். ஜொய்சிக்கு வலது தோள். தலைக்கு மேல் உயரத்தில் பெட்டி அடுக்கி அடுக்கி, இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் போய் ஒரு வருடமாகிவிட்டது. அவள் புருஷன் பவுல், அதே பெக்டரியில் மெஷின் திருத்தும் பிட்டர், தினமும் தைலம் தேய்த்துவிடுவான். ஆனால் வேலைத்தளத்தில் யாரும் வலி என்று வாய் திறப்பதில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருத்தி இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிவிட்டாள். பாவம் பார்த்து அவளுக்கு லேசான வேலை கொடுத்தார்கள்: முற்றம் கூட்டுவது. ரப்பர் மரங்கள் இலை கொட்டும் மாசி மாதம். கூட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தால் மறுபடி இலை. ஒரு மாதம் கூட்டினாள். அதற்குப் பிறகு அவளுக்கு நிஜமாகவே இடுப்பு போய்விட்டது. அன்றிலிருந்து அந்தப் பெக்டரியில் வலி என்பதே ஒழிந்தது.

இப்படியிருக்கும்போதுதான் கொம்பனி ஷிப்னாவை அனுப்பியது. மாவனல்லைப் பிள்ளை, இருபத்தாறு வயது, எஞ்சினியரிங் படித்தவள். முக்காட்டைக் காற்றில் பறக்காமல் இறுக்கிக் குத்தியிருப்பாள். கையில் அளவு நாடா, பென்சில், தடித்த ஒரு கொப்பி. முதல் நாள் எல்லோரையும் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்து, தான் வந்த காரணத்தைச் சொன்னாள். வேலைக்குத் தகுந்தபடி ஆள் வளைவது பிழை, ஆளுக்குத் தகுந்தபடி வேலையை வளைக்க வேண்டும், அதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது, நான் அதைத்தான் படித்தேன் என்றாள். பெண்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடத்தில் வேலை வளைந்து அவர்கள் பார்த்ததில்லை.

பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். அதில் ஒரு மனித உருவம் கோட்டால் வரைந்திருந்தது. எங்கே நோகிறதோ அங்கே வட்டம் போடுங்கள் என்றாள். பதினெட்டுத் தாளும் திரும்பி வந்தன. பதினேழில் ஒரு வட்டமும் இல்லை. பதினெட்டாவதில், அனோஜாவின் தாளில், உருவத்துக்குத் தோடும் பொட்டும் வைத்து அழகாகப் பின்னலும் போட்டிருந்தது. தைல வாசம் மூக்கைத் துளைக்கிற அந்த அறையில் நின்று ஷிப்னா தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வியாழக்கிழமை வந்து எல்லோருக்கும் அளவெடுப்பேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அளவு எதற்கு என்ற கேள்விக்கு அன்று பின்னேரமே சுப்பவைசர் கிருஷ்ணராஜ் பதிலோடு வந்தார். மெனேஜர் அறைக்கு வெளியே பைல் ஒன்றோடு நின்றிருந்தபோது உள்ளே பேச்சு கேட்டதாம். மெனேஜர் சிங்களத்தில் சொன்னது ஒரு வசனம்தான். "மிட்டி ஒக்கோம அயின் கரனவா."

குட்டையானதையெல்லாம் எடுத்துவிடப் போகிறோம். சிங்களம் எல்லோருக்கும் தண்ணீர் பட்ட பாடுதான், மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. பிறகு பதினேழு பேரும் ஒரே நேரத்தில் ஜொய்சியைப் பார்த்தார்கள்.

"என்னைய ஏன் பாக்குறீங்க?" என்றாள் ஜொய்சி.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் மலையில் ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்தவள். விடிவதற்கு முன்னால் மரத்துக்கு மரம் ஓட்டம், மழை வந்தால் அன்றைய வேலை போச்சு, முழங்கால் வரைக்கும் அட்டை. கூரைக்குக் கீழே, காலில் பூட்ஸோடு, பெயருக்குப் பின்னால் லீடர் என்ற பட்டத்தோடு நிற்கிற இந்த இடத்தை விட்டு மறுபடி அந்த மலைக்கு ஏற அவளால் முடியாது. அதுவும், கொண்டுவந்து சேர்த்த கடவுளே குட்டை என்று காரணம் சொல்லி இறக்கிவிடுவது எந்த ஊர் நியாயம் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பவுலிடம் கேட்டுக்கொண்டே போனாள். பவுல் அதிகம் பேசுகிறவனல்ல. லயத்து வீட்டு வாசலுக்கு வந்ததும், எத்தனை அங்குலம் வேண்டும் என்று மட்டும் கேட்டான்.

வேர்க்‌ஷொப்பில் பழைய மெஷின் பெல்ட் ஒன்று கழித்துப் போட்டுக் கிடந்தது. விரல் தடிப்பில் நல்ல ரப்பர். மறுநாள் பவுல் அதிலிருந்து அவள் பாதத்தின் அளவுக்கு நாலு துண்டு வெட்டி, காலுக்கு இரண்டாக வைத்தான். பூட்ஸுக்குள் போட்டுப் பார்த்தாள். ஒன்றரை அங்குலம் உயர்ந்தாள். போதாது என்றாள். இன்னும் ஒன்று வைத்ததும் கால் பூட்ஸுக்குள் போகவில்லை. ஆகவே ஸ்டோர்ஸுக்குப் போய், இருக்கிற பூட்ஸ் கடிக்கிறது என்று சொல்லி இரண்டு சைஸ் பெரியதாக வாங்கிக்கொண்டாள். பெக்டரியில் எல்லோரும் போடுகிற அந்த முழங்கால் வரை வரும் வெள்ளை ரப்பர் பூட்ஸ் இதற்கென்றே செய்தது போல் இருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது.

மற்றவர்கள் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. முதலில் அனோஜா வந்து கெஞ்சினாள். பிறகு இரண்டு பேர். புதன்கிழமை மத்தியானத்துக்குள் பவுல் அந்தப் பெல்ட்டைக் கடைசி முழம் வரை வெட்டி முடித்திருந்தான். ரோசம்மாவும் வந்து நின்றாள். ஐந்தடி எட்டங்குலக்காரிக்கு எதற்கு இது என்று ஜொய்சி கேட்டதற்கு, எல்லாரும் வளரும்போது நான் மட்டும் அப்படியே இருந்தால் குட்டையாகிவிட மாட்டேனா என்று கேட்டாள். அதில் நியாயம் இருந்தது. அவளுக்கும் வெட்டினார்கள். ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் றம்ஸீன் மட்டும், ஒரே கிழமையில் பதினெட்டுப் பேருக்குக் கால் வளர்ந்ததை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் விழித்தார்.

வியாழக்கிழமை ஷிப்னா வந்தாள். பூட்ஸைக் கழற்றச் சொல்லிவிடுவாளோ என்று எல்லோருக்கும் பயமிருந்தது. ஆனால் அவள், வேலை செய்யும்போது எப்படி நிற்பீர்களோ அப்படியே நில்லுங்கள், பூட்ஸும் இருக்கட்டும் என்றாள். கர்த்தர் கண் திறந்தார் என்று ஜொய்சி நினைத்தாள். நிமிர்ந்து, மூச்சை இழுத்து, தலையை உயரத் தூக்கி நின்றாள். ஷிப்னா தலையைப் பார்க்கவேயில்லை. நாடாவின் ஒரு நுனியைத் தரையில் மிதித்து மறு நுனியை முழங்கைக்குக் கொண்டுபோனாள்.

அப்போதுதான் விளங்கியது, அளப்பது ஆளை அல்ல, முழங்கையை. ஜொய்சி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. தோள் இரண்டையும் மெல்லக் காதுப் பக்கம் தூக்கினாள். முழங்கையும் கூடவே ஏறியது. வலது தோள் சுரீரென்றது, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"தோள லேசா உடுங்க அக்கா," என்றாள் ஷிப்னா.

"லேசாத்தான் மிஸ் இருக்கு."

ஷிப்னா உள்ளங்கையை வைத்து அமுக்கிப் பார்த்தாள். தோள் கீழே போனது. கையை எடுத்ததும் திரும்ப ஏறிக்கொண்டது. அவள் கொப்பியில் ஏதோ எழுதி, அடியில் கோடு போட்டாள். வரிசையில் பின்னால் நின்ற பதினேழு பேரும் லீடரைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அடுத்து வந்தவளின் தோளும் காதுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதற்கடுத்தவளுக்கும் அப்படியே. கடைசியாக வந்த ரோசம்மா, மழையில் நனைந்த கோழி மாதிரி கழுத்தே இல்லாமல் வந்து நின்றாள். கொப்பியில் கோடுகள் கூடிக்கொண்டே போயின.

இந்த இடத்தில் ஷிப்னாவைக் குறை சொல்ல முடியாது. வட்டமில்லாத பதினெட்டுத் தாளை நம்பாத அவள், தன் நாடாவையும் கண்ணையும் நம்பினாள். ஓய்வில்லாத வேலையால் இந்தப் பெண்களின் கழுத்துத் தசைகள் இறுகி, தோள்கள் நிரந்தரமாக இரண்டு அங்குலம் மேலே ஏறிவிட்டன என்று நாலு பக்கத்தில் ஒரு ரிப்போட் எழுதினாள். கொழும்பில் இருந்த பெரியவர்கள் அதைப் படித்து ஆடிப்போனார்கள். இப்படியொரு விஷயத்தை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லையே என்று அவளைப் பாராட்டி, கொம்பனியின் நாலு பெக்டரியிலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் வேலையை நிறுத்திக் கை கழுத்துப் பயிற்சி செய்ய வேண்டும் என்று கடிதம் அனுப்பினார்கள். மற்ற மூன்று பெக்டரியிலும் தோள்கள் வழக்கமான இடத்தில்தான் இருந்தன. ஆனாலும் ஐந்து நிமிடத்தை வேண்டாம் என்று சொல்ல அங்கே யாருக்கும் பைத்தியமில்லை.

மேசை செய்கிற வேலை பவுலிடம் வந்தது. பதினெட்டுப் புது மேசை, ஆளுக்கொன்று, எல்லாம் ஒரே அளவு: முப்பத்தேழு அங்குலம். கால்களை வெல்டிங் பிடிக்கும்போதே அவனுக்கு உறைத்தது. தான் வெட்டிய ரப்பரும் ஊர்ப் பெண்கள் தூக்கிய தோளும் சேர்ந்துதான் அந்த முப்பத்தேழு. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவன் பேசியது, அவனைப் பொறுத்தவரை, நீண்ட பேச்சு.

"ஜொய்சி, அது ஆளக் கழிக்கிறதுக்கு அளந்ததில்ல. மேசைக்கு அளந்தது."

ஜொய்சி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். மெனேஜர் சொன்னதை மனதுக்குள் திரும்பவும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். மறுநாள் காலையில் நாலு ஆண்கள் வந்து, அந்த இருபத்தெட்டு அங்குல மேசைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் போட்டார்கள். குட்டையானதெல்லாம் போனது. பதினெட்டுப் பெண்களும் வாசலில் நின்று அதைப் பார்த்தார்கள். பிறகு திரும்பிக் கிருஷ்ணராஜைப் பார்த்தார்கள். அவர் தன் காதில் விழுந்ததைத்தான் சொன்னதாகவும், அர்த்தம் பண்ணியது தான் அல்ல என்றும் சொல்லிவிட்டு, வேறெங்கோ அவசர வேலை இருப்பதுபோலப் போய்விட்டார்.

புது மேசையின் விளிம்பு ஜொய்சிக்கு நெஞ்சுக்குழியில் இடித்தது. அதுவும் ரப்பரோடு. அதைக் கழற்றிவிட்டால் மேசைமேல் இருக்கிறதை எட்டி எட்டித்தான் எடுக்க வேண்டும். சொல்லிவிடலாமா என்று எல்லோரும் கூடி யோசித்தார்கள். மிஸ்ஸை ஏமாற்றினோம் என்று எப்படிப் போய்ச் சொல்வது? அளவுக்குக் கழிக்காதவர்கள் பொய்க்குக் கழித்துவிட மாட்டார்களா? கொஞ்ச நாள் பழகிப் பார்ப்போம் என்று முடிவெடுத்தது ஜொய்சிதான்.

பழகிப் பார்த்தார்கள். தோள் தூக்கியபடியே வேலை செய்தார்கள், ஏனென்றால் இப்போது வேறு வழியில்லை. முன்பு பொய்யாக ஏறிய தோள்கள் இப்போது நிஜமாக ஏறின. காலோ அதைவிட மோசம். பெரிய பூட்ஸுக்குள் மூன்றடுக்கு ரப்பரின்மேல் நிற்பது, ஆற்றில் வழுக்குப் பாறையில் நிற்பது போல. முதல் கிழமையில் அனோஜாவுக்குக் கணுக்கால் பிசகியது. இரண்டாவது கிழமையில் இன்னும் இரண்டு பேர். அடுத்து ஒருத்தி பெட்டியோடு சரிந்து விழ, பெட்டிதான் முதலில் விழுந்து அவளைக் கணுக்காலோடு தப்பவைத்தது. முன்னர் ஒரு கணுக்கால்கூடப் பிசகாத செக்‌ஷனில் மூன்று கிழமையில் நாலு பேர்.

மெனேஜர் ஷிப்னாவைக் கூப்பிட்டுக் கேட்டார். வலியே இல்லாத இடத்துக்கு நீ வந்தாய், இப்போது பாதிப் பேர் நொண்டுகிறார்கள், இதற்கா படித்தாய் என்று கேட்டதாகப் பேச்சு. ஷிப்னா மூன்று நாள் மூலையில் நின்று அவர்களையே பார்த்தாள். கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள். கடைசியில் பூட்ஸ் சைஸ் எல்லாம் பொருந்தாமல் இருப்பதை அவள் கண்டுபிடித்து எழுத, பிழையான சைஸ் கொடுத்ததற்கு றம்ஸீனுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. பதினேழு வருடச் சேவையில் அவருக்கு வந்த முதல் கடிதம். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களிடம் எல்லாம் எடுத்துக் காட்டி, நான் என்ன அந்தப் பிள்ளைகளின் காலைப் பிடித்தா வளர்த்தேன் என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்.

அது ஜொய்சியைக் குத்தியது. ஆனாலும் இரண்டு நாள் தள்ளிப் போட்டாள். மூன்றாம் நாள் மத்தியானம் ஷிப்னா சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து அவர்கள் மேசையிலேயே உட்கார்ந்தாள். திறந்தாள், சாப்பிடவில்லை.

"எனக்கு வெளங்குதே இல்ல அக்கா," என்றாள். "மூணு தரம் கணக்குப் போட்டுட்டன். அளவும் சரி, மேசையும் சரி. ஆனா நீங்க நிக்கிறதப் பாத்தா ஒண்ணும் சரியில்ல. எனக்குத்தான் இந்த வேல சரி வராது போல ஈக்கு. வாப்பாட கடையில போய் இருக்கலாம்."

அழுகிற பிள்ளை அல்ல அவள். சும்மா, கணக்குப் பிழைத்த ஒருத்தி சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதுதான் ஜொய்சிக்குத் தாங்கவில்லை. அவள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். குனிந்து, வலது பூட்ஸைக் கழற்றினாள். உள்ளே கையை விட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று ரப்பர்த் துண்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு இடது பூட்ஸ்.

"அளவு சரி மிஸ்," என்றாள். "ஆளுதான் பிழை."

ஷிப்னா ஒரு துண்டை எடுத்து வளைத்துப் பார்த்தாள். ஜொய்சியின் காலைப் பார்த்தாள். அடுத்து அனோஜா கழற்றினாள். பிறகு வரிசையாக எல்லோரும். சாப்பாட்டு மேசையில் ரப்பர் ஒரு குவியலாக ஏறியது. ரோசம்மாவினதும் அதில் வந்து விழுந்தபோது ஷிப்னாவின் கண் விரிந்தது. நெட்டையான அக்காவுக்கு என்னத்துக்கு என்று கேட்டாள். ரோசம்மா காரணம் சொன்னாள். ஜொய்சி, மெனேஜரின் வசனத்திலிருந்து தொடங்கி ஒன்றும் விடாமல் சொன்னாள். ரப்பரை வெட்டியது பவுல் என்பதை மட்டும் விட்டுவிட்டாள், ஆனால் அது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்லாம் கேட்ட பிறகு ஷிப்னா மெதுவாக, "அப்ப தோள்?" என்று கேட்டாள்.

"அதும் நாங்க தூக்கினதுதான்."

ஷிப்னா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். நாலு பக்க ரிப்போட்டும், கொழும்பிலிருந்து வந்த பாராட்டும், நாலு பெக்டரியில் ஆயிரத்துச் சொச்சம் பேர் அன்று காலையும் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்ததும் அவளுக்கு ஒன்றாக நினைவு வந்திருக்க வேண்டும். அழுகிறாள் என்று நினைத்து ஜொய்சி எழுந்து பக்கத்தில் போனாள். அழவில்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். முக்காட்டு ஊசி கழன்று சோற்றுப் பெட்டிக்குள் விழுந்தது. அதைத் தேடி எடுத்துக் குத்திக்கொண்டு, கொப்பியைத் திறந்தாள். யார் யார் எத்தனை துண்டு, தடிப்பு எவ்வளவு, சொல்லுங்கள் என்றாள். பவுலிடம் ஆளனுப்பித் தடிப்பு அளக்கும் கருவி ஒன்றை வாங்கி, பதினெட்டுப் பேரின் ரப்பரையும் பெயரோடு அளந்து எழுதினாள். அந்தப் பிள்ளை ஒரு விஷயத்தைப் பாதியில் விடுகிற ரகமில்லை.

மெனேஜரிடம் அவள் என்ன சொன்னாள் என்பது வெளியே வரவில்லை. முதல் அளவெடுத்தபோது பூட்ஸ் சரியில்லை, அது ஸ்டோர்ஸின் பிழையுமல்ல, மறுபடி எடுக்க வேண்டும் என்று சொன்னதாக றம்ஸீன் சொன்னார். அவருடைய கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். யாரையும் கழிக்கவில்லை. முற்றம் கூட்டவும் அனுப்பவில்லை. ஷிப்னா அதற்கு எழுத்தில் வாக்கு வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுச் செக்‌ஷன் சுவரில் மாட்டிய பிறகுதான், அந்த மனித உருவத் தாளை மறுபடி கொடுத்தாள்.

இந்தத் தடவை வட்டங்கள் விழுந்தன. இடுப்பில், முதுகில், மணிக்கட்டில், கழுத்தில், தோளில். ஒருத்தி தாளுக்கு வெளியே வரை வட்டம் போட்டு, இது மாமியார் என்று எழுதியிருந்தாள். ஜொய்சி பேனையை எடுத்து வலது தோளில் ஒரு வட்டம் போட்டாள். ஒரு வருடமாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததைக் கீழே வைத்த மாதிரி இருந்தது. பிறகு யோசித்து, இடுப்பிலும் ஒன்று போட்டாள்.

தாள்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்ததில், பதினெட்டுத் தாளில் பதின்மூன்றில் வலது தோளில் வட்டம் இருந்தது. மேசை மட்டுமல்ல காரணம், சுவரோரம் தலைக்கு மேல் பெட்டி அடுக்குவதுதான் பெரிய காரணம் என்று ஷிப்னா சொன்னாள். பவுல் பழைய குழாய்களை வெட்டி, உருளுகிற மாதிரி வரிசையாகப் பொருத்தி, மேசையோரத்திலிருந்து ஸ்டோர்ஸ் வாசல் வரை ஒரு சறுக்குப் பாதை செய்தான். பெட்டியைத் தள்ளிவிட்டால் அதுவே போகும். முதல் நாள் அது கொஞ்சம் அதிகமாகவே போனது. ஜொய்சி தள்ளிய முதல் பெட்டி ஸ்டோர்ஸ் வாசலையும் தாண்டி, றம்ஸீனையும் தாண்டி, முற்றத்தில் பழைய மேசைகளுக்கு நடுவே போய் நின்றது. ஷிப்னா "சாய்வு கூடிப்போச்சு" என்று கொப்பியில் எழுதினாள். பவுல் மேல் நுனியை இரண்டு அங்குலம் இறக்கினான்.

மேசைகளுக்கும் வழி அவன்தான் கண்டுபிடித்தான். எல்லோருக்கும் ஒரே அளவு என்று தேடுவதை விட்டுவிட்டு, காலுக்குள் கால் நுழைகிற மாதிரி குழாய் வைத்து, அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு, வேண்டிய துளையில் ஆணி மாட்டினான். பிறகு ஷிப்னா எல்லோரையும் வெறுங்காலோடு நிற்க வைத்தாள், தோளை அவளே அமுக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கையை அளந்தாள், அவரவர் சைஸ் பூட்ஸின் அடித் தடிப்பைத் தனியே கூட்டிக்கொண்டாள். ஜொய்சியின் மேசை முப்பத்தொன்றில் நின்றது, ரோசம்மாவினது நாற்பதில். தூரத்திலிருந்து பார்த்தால் பல் விழுந்து முளைக்கிற பிள்ளையின் வாய் மாதிரி இருந்தது அந்த வரிசை. வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று மெனேஜர் கவலைப்பட்டார். அவர்கள் வந்தார்கள், முதலில் மேசைகளைத்தான் போட்டோ எடுத்தார்கள். அதற்குப் பிறகு அது தன்னுடைய யோசனை என்று மெனேஜர் சொல்லத் தொடங்கினார்.

பயிற்சி நிற்கவில்லை. நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். அதை முன்னால் நின்று நடத்தும் பொறுப்பைக் கிருஷ்ணராஜுக்குக் கொடுக்க வேண்டும் என்று பெண்கள் ஒரே குரலில் கேட்டார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அந்த மனிதர் பதினெட்டுப் பேருக்கு முன்னால் நின்று, கையை மேலே நீட்டி, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்துக் காட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது கிழமையில் அப்படி வளைந்தவர் நிமிரவில்லை. தாங்கிப் பிடித்துக்கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். நாலு நாள் லீவு. ஜொய்சி தன் வீட்டுத் தைலத்தில் ஒரு போத்தல் கொடுத்தனுப்பினாள்.

மூன்று மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து தோள் அளவு கேட்டுக் கடிதம் வந்தது. ஷிப்னா உள்ளதை அனுப்பினாள். கூடவே நடந்ததை முழுவதும் விளக்கி இரண்டாவது பக்கமும் எழுதினாள். அங்கே முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள் போலிருக்கிறது. பயிற்சியின் பலனாகத் தோள்கள் இரண்டு அங்குலம் இறங்கியதற்காக ஒரு கேடயமும், கொழும்பு ஹோட்டல் ஒன்றில் கைதட்டலும் அவளுக்குக் கிடைத்தன. அவள் அதைத் திருப்பிக் கொடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு, பையில் சுற்றியபடியே செக்‌ஷனுக்குக் கொண்டு வந்தாள்.

"வெச்சுக்குங்க மிஸ்," என்றாள் ஜொய்சி. "தோள் எறங்கினது உண்மதானே."

வருடக் கடைசியில் ஷிப்னாவை இரத்தினபுரிப் பக்கத்துப் பெக்டரிக்கு அனுப்பினார்கள். அங்கேயும் மேசை, அங்கேயும் பெண்கள். நாடாவை வெளியே எடுப்பதற்கு முன்னால் அவள் செய்த முதல் வேலை, கேகாலை மெனேஜரிடம் கேட்டு ஜொய்சியை ஒரு நாளைக்கு அங்கே அழைத்ததுதான். ஜொய்சி ஞாயிற்றுக்கிழமைச் சேலையைக் கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். அவள் முன்னால் எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மைக் கொடுத்தார்கள், வேண்டாம் என்றாள், தேவையும் இருக்கவில்லை. பெல்ட் ரப்பரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். எந்த இடத்தில் எவ்வளவு உயர்ந்தோம், எவ்வளவு பொய் சொன்னோம், அதனால் யார் யார் விழுந்தோம் என்று மறைக்காமல் சொன்னாள். வலிக்கிற இடத்தில் வட்டம் போடுங்கள், போடாவிட்டால் நாங்கள் பட்டதுதான் உங்களுக்கும் என்று முடித்தாள். சிரித்துச் சிரித்துக் கேட்டார்கள். கேள்வி ஏதும் இருக்கிறதா என்று ஷிப்னா கேட்டாள்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"இந்த அஞ்சு நிமிசப் பயிற்சில டீயும் குடுக்கச் சொல்ல முடியாதா?"

கேகாலையில் இத்தனை மாதமாக யாருக்கும் இது தோன்றவேயில்லை. ஜொய்சி ஷிப்னாவின் பக்கம் திரும்பினாள். அவள் ஏற்கெனவே கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள்.